ஹெட்செட்டை மாற்றலாமா? பீப்பாய் காலத்திலிருந்து ஒரு கணக்கு

1910-ஆம் வருஷம் மார்ச் மாதம் பல்லாவரத்தில் ஒரு விமானம் எழும்பியது. ஓட்டியவர் ஒரு ஹோட்டல்காரர். மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜியாகோமோ டி'ஆஞ்சலிஸ். அதற்கு முந்தைய வருஷம் ஜூலையில் லூயி பிளெரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். அந்தச் செய்தி கேட்டதிலிருந்து நம்ம ஹோட்டல்காரருக்கும் அதே காய்ச்சல். தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, மவுண்ட் ரோடிலேயே இருந்த சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துக் கட்டச் சொன்னார். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். காசு வசூல் பண்ணாமல் இருந்தால் அவர் ஹோட்டல்காரரே இல்லை. இதையெல்லாம் தேடி எடுத்து எழுதி வைத்தவர்களில் எஸ். முத்தையா முக்கியமானவர். அவர் இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு இது தெரிந்தே இருக்காது.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. இவருக்கு யார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பார்கள்? அன்றைக்கு மெட்ராஸில் சொல்லிக்கொடுக்க இன்னொரு பைலட் ஏது? சைக்கிள் என்றால் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்றுக்கொள்ளலாம். விமானத்தில் அந்த வசதி கிடையாது.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் பிரான்சில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தார்கள். ஆன்ட்வானெட் என்ற விமானக் கம்பெனியின் பயிற்சிப் பள்ளியில் ஒரு பீப்பாயை இரண்டாக அறுத்து, ஒரு பாதி மேல் இன்னொரு பாதியை வைத்து, மேலே மாணவனை உட்கார வைத்தார்கள். ஆட்கள் கீழே நின்று பீப்பாயை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். அவன் கையிலுள்ள சக்கரங்களைத் திருப்பி, எதிரே தெரியும் தொடுவானத்தோடு தன்னை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். உலகத்தின் முதல் ஃப்ளைட் சிமுலேட்டர்களில் அது ஒன்று. நம்மூர் ராட்டினக்காரரிடம் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகவே செய்து கொடுத்திருப்பார்.

இந்தப் பீப்பாய் ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், என் வீட்டிலும் ஒரு பீப்பாய் இருக்கிறது. ஏஜீஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின் என் பொழுதுபோக்கு கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது என்று இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். மேஜையில் ஒரு ஓட்டும் கைப்பிடி, காலடியில் இரண்டு பெடல், தலையில் விஆர் ஹெட்செட். மாட்டிக்கொண்டால் மாம்பலம் மறைந்து செஸ்னா 172-இன் காக்பிட்டில் உட்கார்ந்திருப்பேன். தலையைத் திருப்பினால் இறக்கை தெரியும், குனிந்தால் பெடல் தெரியும். இந்த ஹெட்செட் 2019-ஆம் வருஷத்துத் தலைமுறை. அமெரிக்காவில் இருக்கும் மகன் போன மாதம் போனில் கேட்டான்: "அப்பா, டிசம்பர்ல வரேன். குவெஸ்ட் 3 வாங்கிட்டு வரட்டுமா? இங்க ஈஸியா கிடைக்கும்." பக்கத்திலிருந்த அவன் அம்மா, "இருக்கிறதை மாட்டிக்கிட்டாலே கூப்பிட்டா காதுல விழறதில்லை, இதுல புதுசு வேறயா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில் கொஞ்சம் சரித்திரத்துக்குள் போய்விட்டேன்.

இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டி ஆழத்தை உண்டாக்கும் வித்தை புதிதே இல்லை. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளை வைத்து ஸ்டீரியோஸ்கோப் செய்து காட்டினார். நம் இரு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் ஒவ்வொரு கண்ணும் உலகத்தைச் சற்று வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த இரண்டு கோணங்களையும் தனித்தனியே வரைந்து தனித்தனிக் கண்ணுக்குக் காட்டினால், மூளை இரண்டையும் சேர்த்து ஆழமான ஒரே காட்சியாக்கிக்கொள்கிறது. என் ஹெட்செட் செய்வதும் இதேதான். கூடவே தலை திரும்புவதைக் கண்டுபிடித்துப் படத்தையும் திருப்புகிறது.

இந்த வித்தை தமிழ்நாட்டுக்கு வந்தது ரொம்ப சீக்கிரம். லின்னேயஸ் டிரைப் என்று மெட்ராஸ் ராணுவத்தில் ஒரு கேப்டன். மெட்ராஸ் ராஜதானிக்கு அரசாங்கப் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டு, 1857 கடைசியிலும் 1858-லும் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரிய படங்களோடு ஸ்டீரியோ ஜோடிப் படங்களும் எடுத்து ஆல்பமாகவே வெளியிட்டார். அதாவது, ரயில் மதுரைக்குப் போவதற்கு முன்னாலேயே, லண்டனில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருவர் கண்ணில் கருவியை வைத்துக்கொண்டு மதுரைக்குள் போய்வர முடிந்தது. பிறகு கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இந்தச் செலவெல்லாம் வேண்டாம் என்று அந்தப் போட்டோ இலாகாவையே மூடிவிட்டார். கணக்குத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் டிரெவெல்யனின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் ரசிகன் என்ற முறையில் மன்னிக்க முடியவில்லை.

நம் தலைமுறைக்கு இந்த வித்தை வந்தது வியூ-மாஸ்டர் மூலம். 1939-இல் அமெரிக்காவில் வந்த பொம்மை. வட்டமான அட்டையில் சின்னச் சின்ன ஃபிலிம் ஜோடிகள், விசையை அழுத்தினால் அடுத்த படம். வெளிநாடு போய் வந்த சித்தப்பாவோ மாமாவோ இருந்த வீட்டுப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் க்யூவில் நின்று ஆளுக்கு ஒரு ரவுண்டு. பிறகு 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்'. நாட்டின் முதல் 3டி படம். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிக் கதவருகே ஆள் நிற்பார். அடுத்த வருஷமே தமிழில் விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி'. திரையிலிருந்து சாமான்கள் முகத்துக்கு நேரே வரும்போது தியேட்டரே தலையைக் குனியும். கொஞ்ச நாளில் அந்த மோகம் தீர்ந்தது. கதை சரியாக இருந்தால் சாதாரணத் திரையே போதும் என்று ஜனங்கள் முடிவு பண்ணிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விமானம் ஓட்ட இந்த ஆழப் பார்வை அத்தனை அவசியமா? வைலி போஸ்ட் என்ற அமெரிக்கருக்கு எண்ணெய்க் கிணற்று வேலையில் நடந்த விபத்தில் ஒரு கண் போய்விட்டது. 1933-இல் அவர்தான் தன்னந்தனியாக விமானத்தில் உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர். எட்டு நாளுக்குள் முடித்துவிட்டார். நம்மூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமென்றால் பட்டோடி. 1961-இல் கார் விபத்தில் ஒரு கண்ணில் பார்வை பெரும்பாலும் போனபின், 1962 ஜனவரியில் மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். நேரில் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். நூறு அடி, இருநூறு அடி தாண்டிவிட்டால் இரு கண் இடைவெளி தரும் ஆழம் மெல்ல மெல்லத் தேய்கிறது. தூரத்து ரன்வேயைக் கணிப்பது அதன் வடிவம் மாறுவதை வைத்துத்தான். அகலமாகிறதா, சப்பையாகிறதா என்று.

விமானிகளை நிஜமாகவே உருவாக்கிய போலி விமானத்தில் படமே கிடையாது என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எட்வின் லிங்க் என்பவர் 1904 ஜூலை 26-ஆம் தேதி பிறந்தவர். நம் ஜே.ஆர்.டி. டாடா பிறந்தது அதே வருஷம் ஜூலை 29. மூன்றே நாள் இடைவெளி. லிங்கின் அப்பா நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் என்பது துருத்தியில் காற்றடைத்து இசைக்கும் வாத்தியம். நம் ஆர்மோனியத்தின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு விமானம் ஓட்ட ஆசை, பாடத்துக்கு ஏகப்பட்ட பணம். அப்பாவின் தொழிற்சாலைத் துருத்திகளை எடுத்து, ஒரு சின்ன மரப்பெட்டி விமானத்தின் அடியில் பொருத்தினார். கைப்பிடியை அசைத்தால் ஒரு துருத்தி உப்பும், இன்னொன்று சுருங்கும், பெட்டி சாயும். 1929-இல் தயாராகிவிட்டது. வாங்க யாரும் வரவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களில் காசு போட்டு ஆடும் ராட்டினமாகத்தான் முதலில் விற்றது.

1934-இல் நிலைமை மாறியது. அமெரிக்காவில் தபால் விமானங்களை ராணுவமே ஓட்டவேண்டும் என்று உத்தரவு. குளிர்காலப் பனியிலும் மேகத்திலும் ஓட்டிப் பழக்கமில்லாத பைலட்டுகள் வரிசையாக விழுந்து இறந்தார்கள். ராணுவ அதிகாரிகள் லிங்கைச் சந்திக்க ஒரு விமான தளத்தில் காத்திருந்தார்கள். ஒரே மூடுபனி. இவர் எங்கே வரப்போகிறார் என்று கிளம்ப இருந்த சமயம், மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வந்து நின்றார் லிங்க். மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டி வந்திருந்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆறு பெட்டிகளை வாங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் சுமார் பத்தாயிரம் பெட்டிகள், அவற்றில் பயின்றவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர்.

பாடம் எடுக்கும்போது பெட்டியின் மேல் மூடியை மூடிவிடுவார்கள். வெளியே ஒன்றுமே தெரியாது. எதிரே மீட்டர்கள், காதில் ஆசிரியரின் குரல், அவ்வளவுதான். வெளியே மேஜையில் விரித்த மேப்பின் மேல் நண்டு என்று பெயர் வைத்த ஒரு சின்னச் சக்கர வண்டி ஊர்ந்து, மாணவன் போகும் பாதையை மையால் கோடு போட்டுக்கொண்டே வரும். மூடியைத் திறந்து வந்து பார்த்தால், தான் எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பது காகிதத்தில் இருக்கும். பொய் சொல்ல முடியாது.

ஏன் கண்ணை மூட வேண்டும்? நம் காதுக்குள் திரவம் நிரம்பிய மூன்று வளையங்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், அதை வைத்து உடம்பு திருப்பத்தை உணரும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் இருபது வினாடி போல ஆனதும் திரவமும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் உடம்பு, "நேராகப் போகிறோம்" என்று சொல்லும். மேகத்துக்குள் தொடுவானம் தெரியாதபோது இதை நம்பியவர்கள்தான் சுழன்று விழுந்தார்கள். லிங்கின் பெட்டி சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: உடம்பு சொல்வதை விடு, மீட்டரைப் பார்.

விஆரில் இது தலைகீழ். கண் திரும்புகிறது என்கிறது, காது இல்லவே இல்லை என்கிறது. அந்தச் சண்டைதான் சிலருக்கு வயிற்றைப் பிரட்டுவது. எனக்கு முதல் வாரம் இருந்து, அப்புறம் போய்விட்டது. உங்களில் யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கண்டிப்பாக உட்கார்ந்துதான். நம் வயசில் கீழே விழுவது நல்லதில்லை.

சரி, என் கணக்குக்கு வருகிறேன்.

அடையாறில் ஒரு நண்பர். விமானப் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேரன் வாங்கி வந்த குவெஸ்ட் 3 அவர் வீட்டில் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது: "சார், நீங்க படத்தைப் பாக்கறீங்களா, மீட்டரைப் பாக்கறீங்களா?" இரண்டும்தான் என்றேன். "அப்ப மீட்டரைக் கணக்கு போடுங்க. படம் எப்படியும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

உட்கார்ந்து போட்டேன். என் ஹெட்செட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1280-க்கு 1440 புள்ளிகள். அவை பக்கவாட்டில் சுமார் 90 டிகிரி பார்வைக்குப் பரப்பப்படுகின்றன. ஆக ஒரு டிகிரிக்கு 14 புள்ளி. குவெஸ்ட் 3-இல் 2064-க்கு 2208, டிகிரிக்கு 25 என்கிறார்கள். நல்ல மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வேண்டும்? கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையில் 6/6 என்பது, டிகிரியை அறுபதாகப் பிரித்துப் பார்க்கும் திறன். ஆகவே 60 புள்ளி. 14-ஆல் வகுத்தால், என் ஹெட்செட்டுக்குள் யார் உட்கார்ந்தாலும் அவர் பார்வை ஏறக்குறைய 6/24. குவெஸ்ட் 3-க்குள் 6/18-க்கும் 6/12-க்கும் நடுவில். அட்டையில் ஒன்றிரண்டு வரி கீழே இறங்குகிறோம். சின்ன லாபம் என்று சொல்ல மாட்டேன்.

காக்பிட்டில் இதற்கு என்ன அர்த்தம்? ஆல்டிமீட்டர் என்ற உயரம் காட்டும் மீட்டரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அன்றைய காற்றழுத்தத்தைத் திருகி வைக்க வேண்டிய இடம். காக்பிட்டிலேயே மிகச் சின்ன எழுத்துகளில் அதுவும் சேர்த்தி. அதில் பத்து மில்லிபார் பிசகினால் உயரத்தில் சுமார் 280 அடி பிசகும். பரங்கிமலையின் மொத்த உயரமே 300 அடி போலத்தான். மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் பக்கமிருந்து அடையாறு, கோட்டூர்புரம், கிண்டி மேலாக 25-ஆம் நம்பர் ரன்வேக்கு இறங்கும்போது, கடைசியில் வலது பக்கம் வருவது அந்த மலைதான். அந்த ஜன்னலைப் படிக்க இப்போது நான் நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து, டேஷ்போர்டில் மூக்கு இடிக்கிற மாதிரி போகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நான் கோயிலில் சாமி கும்பிடுகிற மாதிரி தெரியுமாம்.

புதியதில் குனிய வேண்டாம். அப்படியென்றால் வாங்கிவிடலாமே?

அங்கேதான் கோவணச் சாமியார் கதை வருகிறது. எலி கோவணத்தைக் கடிக்கிறது என்று பூனை வளர்த்தார், பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கினார், பசுவுக்காக நிலம், அப்புறம் கல்யாணம். புள்ளிகளைப் பெருக்கிப் பாருங்கள். பழையதில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 37 லட்சம், புதியதில் 91 லட்சம். ஒவ்வொரு வினாடியும் எழுபது, எண்பது தடவை அத்தனையையும் வரைந்து தள்ள வேண்டியது கம்ப்யூட்டரில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. வேலை இரண்டரை மடங்கு. என் கார்டும் ஹெட்செட் வயசுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வழக்கமாகப் போகும் கடைக்காரரிடம் விசாரித்தேன். "ஐயா, கார்டு மாத்தினா எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும். அது மாத்தினா கேபினெட் சூடாகும், ஃபேன் போடணும்" என்று பென்சிலை எடுத்தார். பென்சிலை எடுக்கும் கடைக்காரரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். படத்தைக் கொஞ்சம் மங்கலாக வரையச் சொன்னால் பழைய கார்டே இழுக்கும்தான். ஆனால் மங்கலாக வரைவதற்குப் புது ஹெட்செட் எதற்கு?

இன்னொரு விஷயம், எத்தனை நாளுக்கு உழைக்கும் என்பது. 2020 கடைசியில் ஹெச்பி கம்பெனி ரிவர்ப் ஜி2 என்று ஒரு ஹெட்செட் கொண்டுவந்தது. கண்ணுக்கு 2160-க்கு 2160. ஃப்ளைட் சிமுலேட்டர்காரர்கள் கொண்டாடிய கருவி. அது ஓடியது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்ற மென்பொருளில். அதே டிசம்பரில் மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டருக்கும் விஆர் வந்தது. பொருத்தமான ஜோடி. மூன்று வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், அந்த மென்பொருளைக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பில் அது இல்லவே இல்லை. லென்ஸ் உடையவில்லை, திரை அணையவில்லை, ஒயர் அறுந்துபோகவில்லை. ஆனாலும் பதிப்பு மாறிய கம்ப்யூட்டரில் கருவி வேலை செய்யாது. பிறகு 2025-இல் ஒரு பொறியாளர் தன் சொந்த முயற்சியில் ஒரு ட்ரைவர் எழுதி இலவசமாகக் கொடுத்து, என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உயிர் கொடுத்தார்.

டிரைப் 1858-இல் எடுத்த ஸ்டீரியோ ஜோடியை இன்றைக்கும் இரண்டு லென்ஸ் இருந்தால் பார்த்துவிடலாம். வியூ-மாஸ்டருக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். நம் ஹெட்செட்டுகள் அப்படி இல்லை. வாங்கும்போது கருவியை மட்டும் வாங்குகிறோம், அது ஓடுவதற்கான அனுமதி வேறொருவர் கையில் இருக்கிறது. இதற்காக வாங்காமல் இருக்க முடியாது. ஆனால் பென்ஷன்காரன் ஒரு சாமானை எத்தனை வருஷத்தில் பிரித்துக் கணக்கு எழுதுவது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் நான்கு வருஷம் என்று போட்டேன். அதற்கு மேல் ஓடினால் போனஸ்.

நான்கு வருஷம் என்றதும்தான் வேறொன்று உறைத்தது. கருவிக்கு நான்கு வருஷம் சரி, கண்ணுக்கு?

வலது கண்ணில் காட்டராக்ட் இருப்பது தெரியும். "பழுக்கட்டும்" என்று காத்திருந்த காலமெல்லாம் போய்விட்டது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். போன பரிசோதனையில் கண்ணாடி போட்டபிறகும் வலது கண் 6/18, இடது 6/12. அந்தச் சீட்டை எடுத்து மேலே போட்ட கணக்கின் பக்கத்தில் வைத்தேன். பழைய ஹெட்செட் 6/24. அதைவிட என் கண் கொஞ்சம் தேவலை. புதிய ஹெட்செட் காட்டப்போவதில் கடைசி வரியை என் வலது கண்ணால் படிக்கவே முடியாது. மகன் பெட்டியில் வைத்துச் சுமந்து வரும் புள்ளிகளில் ஒரு பங்கு என் கண்ணுக்கு வெளியிலேயே நின்றுவிடும். இதோடு காட்டராக்டில் மங்கல், வெளிச்சத்தைச் சுற்றிக் கூசல் வேறு.

டாக்டரிடம் போனபோது அவரே கேட்டார்: "உள்ளே வைக்கிற லென்ஸை எந்த தூரத்துக்கு வைக்கலாம்? நாள் முழுக்க என்ன பண்றீங்க ஐயா?" பேப்பர் படிப்பேன், கம்ப்யூட்டர் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி விமானம் ஓட்டுவதையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கருவிக்குள் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிற மாதிரி தெரியும் என்று கேட்டார். திரை கண்ணிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தில் இருந்தாலும், நடுவிலுள்ள லென்ஸ் அதை ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மீட்டருக்குத் தள்ளிக் காட்டுகிறது. காக்பிட் மீட்டரைப் பார்த்தாலும் தூரத்து மேகத்தைப் பார்த்தாலும் கண் குவிய வேண்டியது அந்த ஒரே தூரத்தில்தான். அப்படியானால் தூரப் பார்வைக்கு வைக்கும் ஒற்றைக் குவிய லென்ஸிலேயே பெரும்பாலும் சமாளிக்கலாம், பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி என்றார். பல தூரத்துக்கும் சேர்த்து வரும் விலை உயர்ந்த லென்ஸில் சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மாறுபாடு கொஞ்சம் குறையும் என்பதையும் சொன்னார். இரவில் ரன்வே விளக்குகளைப் பார்த்து இறங்குகிறவனுக்கு அது சரிப்படாது என்று தோன்றியது. ஒற்றைக் குவியமே போதும் என்று எழுதிக்கொண்டார். இது எனக்குச் சொன்னது. உங்கள் கண்ணுக்கு உங்கள் டாக்டர்.

பள்ளிக்கூட நாளில் மாம்பலத்திலிருந்து மீட்டர்கேஜ் எலெக்ட்ரிக் ட்ரெயினில் மீனம்பாக்கம் போய், விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். 1930-ஐ ஒட்டித் தொடங்கிய மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் சின்ன விமானங்கள் எப்போதாவது கண்ணில் படும். எட்டாவது படிக்கும்போதே தடித்த கண்ணாடி. அது போட்டவனுக்கு விமானப்படை கிடையாது என்பது அப்போதே தெரிந்துவிட்டதால் பெரிய ஏமாற்றமும் இல்லை. ஆபீஸ், குடும்பம் என்று போய்விட்டது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு பயணத்தை முழுசாகச் செய்து முடிக்க வேண்டும் என்று ஒரு ஆசை வைத்திருக்கிறேன். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்குத் தபால் மூட்டையோடு பஸ் மாத் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்தார். ஏர் இந்தியாவுக்கு அதுதான் விதை. ஐம்பது வருஷம் கழித்து, 1982-இல், அதே கராச்சி-பம்பாய் பயணத்தை லெப்பர்ட் மாத் என்ற பழைய விமானத்தில் ஜே.ஆர்.டி. மறுபடியும் தானே ஓட்டி வந்தார். அப்போது அவருக்கு வயசு 78. அதற்கு எனக்கு இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கிறது. நான்கு வருஷக் கணக்கைப் பென்ஷன் புத்தகத்தை வைத்து மட்டும் போடவில்லை.

மகனுக்குச் சொல்லிவிட்டேன், டிசம்பரில் ஹெட்செட் வேண்டாம் என்று. "ஏம்ப்பா, பணம் பத்தி யோசிக்காதீங்க" என்றான். பணம் இல்லைடா, வரிசை என்றேன். பொங்கல் கழிந்து வலது கண் ஆபரேஷன். டாக்டர் சரி என்று சொன்னபிறகு அடையாறு நண்பர் வீட்டில் அவருடைய கருவியை மாட்டிக்கொண்டு, முதுகை நாற்காலியில் சாய்த்தபடி, குனியாமல், ஆல்டிமீட்டர் ஜன்னலைப் படித்துப் பார்ப்பேன். எண் தெளிவாகத் தெரிந்தால் வாங்குவது. தெரியாவிட்டால், இன்னும் அதிகப் புள்ளி உள்ள அடுத்த தலைமுறை வரும்வரை பழையதே. இரண்டாவது பட்சம் நடந்தால் வீட்டில் ஒருவருக்கு ரொம்ப சந்தோஷம்.

அதுவரை ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரைப் பார்த்தே ஓட்டுகிறேன். மானிட்டரில் மீட்டர்கள் பெரிசாகத் தெரிகின்றன. போன வெள்ளிக்கிழமை ஜுஹுவிலிருந்து கிளம்பிப் பல்லாரியில் இறங்கி நிறுத்தியிருக்கிறேன். அங்கிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 425 கிலோமீட்டர், செஸ்னாவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் முடியாது. நாளைக்குக் காலையில், காபி ஆனதும்.